பெயர் மறைந்தாலும் கைவேலை பேசும்



யோப்பா நகரில் தபித்தா என்னும் சீடர் இறந்துபோனார். பேதுரு வந்தபோது, அங்கிருந்த கைம்பெண்கள் அழுதுகொண்டே, தபித்தா செய்து கொடுத்த உடைகளை அவரிடம் காட்டினார்கள். திருத்தூதர் பணிகள் நூல் 9ஆம் அதிகாரத்தில் இதைப் படிக்கிறோம். தபித்தா எப்படி வாழ்ந்தார் என்பதற்கு அந்தத் துணிகளே சாட்சி.

கல்லறைத் திருநாள் நெருங்கும் இந்நாள்களில், துணி சாட்சி சொன்ன இன்னோர் இடத்தையும் நினைத்துப் பார்ப்போம்.

புதுச்சேரியில் உள்ள கப்ஸ் கோயிலை நாம் அறிவோம். கப்புச்சின் துறவிகளின் கோயில் என்பதே அப்படிச் சுருங்கியது. கப்புச்சின் என்ற பெயரோ, அவர்கள் அங்கியோடு சேர்ந்த கூம்பு முக்காட்டைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. இடைக்கால ஐரோப்பாவில் முக்காடு துறவிகளுக்கு மட்டும் உரியதல்ல. குளிருக்காக ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் அதை அணிந்தார்கள். ஆனால் ஏழைப் பெண்ணின் முக்காடு கந்தலாகி மண்ணோடு மண்ணானது. ஓரிடத்தில் மண்ணே அதைக் காத்து வைத்தது.

கிரீன்லாந்துத் தீவின் தென்பகுதியில் ஹெர்யோல்ஸ்நெஸ் என்ற இடம். நார்வே, ஐஸ்லாந்து வழிவந்த கிறிஸ்தவர்கள் 15ஆம் நூற்றாண்டு வரை அப்பகுதியில் வாழ்ந்து, பின் சுவடின்றிப் போனார்கள். கடல் அவர்களின் கல்லறைத் தோட்டத்தை அரித்து வந்தது. 1921இல் டென்மார்க் அறிஞர் போவுல் நோர்லுண்ட் அங்கே அகழ்ந்தார். மரம் அரிதான நாடு அது. பலரைப் பெட்டியில் வைக்காமல், உடைகளில் சுற்றியே புதைத்திருந்தார்கள். உறைந்த மண்ணிலிருந்து சுமார் 30 அங்கிகளும் 17 முக்காடுகளும் மரச் சிலுவைகளும் கிடைத்தன.

அந்த உடைகளை அறிஞர்கள் மீண்டும் ஆராய்ந்து, 2011இல் அளவுகளோடும் வெட்டும் முறையோடும் நூலாக வெளியிட்டார்கள். இழைகளை எண்ணி, முறுக்கைப் பார்த்து, தையலைத் தொடர்ந்து, அதே முக்காட்டை மறுபடி தைக்கிறார்கள். அப்போதுதான் அந்தக் கைகளின் உழைப்பு புரிகிறது. ஆட்டு மயிரைத் தக்களியில் நூற்று, கல் தொங்கும் செங்குத்துத் தறியில் நெய்த துணி அது. நெய்வதைவிட நூற்பதற்கே அதிக நாள் பிடிக்கும். அதனால் துணி வீணாகாமல் வெட்டி, தோளில் பொருந்தும்படி முக்கோணத் துண்டு வைத்துத் தைத்தார்கள். அவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது.

ஆனால் அங்கே ஒரு பெட்டியில் உடல் இல்லை. எழுத்துப் பொறித்த ஒரு குச்சி மட்டும் இருந்தது. குட்வெய்க் என்ற பெண்ணின் உடல் கிரீன்லாந்துக் கடலில் இறக்கப்பட்டது என்று அது சொன்னது. உடலைக் கொண்டுவர முடியாதவர்கள், அவர் பெயரையாவது புனித மண்ணில் சேர்த்தார்கள்.

அன்புக்குரியவர்களே, பெண்கள் கோயிலில் தலையை மூட வேண்டும் என்றது 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம். 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது இல்லை. ஆனாலும் முந்தானையால் முக்காடிட்டு, கடைசி வரிசையில் செபமாலை உருட்டும் பாட்டிமார் நம்மிடையே இருக்கிறார்கள். சேதராப்பட்டு வயல்களில் தலைத்துண்டு கட்டி நாற்று நட்ட கைகள் அவை. அவரைப் பெற்ற தாயின் பெயர் நமக்குத் தெரியுமா? கேட்டிருக்கிறோமா?

இந்தக் கல்லறைத் திருநாளுக்கு முன் அவர் அருகில் அமர்ந்து கேட்போம். அந்தப் பெயரை எழுதி வைப்போம். மெழுகுவர்த்தி ஏற்றும்போது அதைச் சொல்லிச் செபிப்போம்.

ஆண்டவரே, நாங்கள் மறந்த பெயர்களையும் நீர் அறிந்திருக்கிறீர். உழைத்து ஓய்ந்த அந்தக் கைகளுக்கு உம் நித்திய இளைப்பாற்றியைத் தந்தருளும். ஆமென்.