நாலு குரல், ஒரு பெயர்: பிளாக்வுட் சகோதரர்கள் பாடற்குழுவின் வரலாறு

மலர்க் குழு அன்பர்கள் இந்த ஆண்டும் கட்டுரை கேட்டார்கள். "நயினாருக்கு என்ன, கல்வெட்டு, ஏட்டுச்சுவடின்னு எதையாவது எழுதிடுவார்" என்று நினைத்திருப்பார்கள். இம்முறை சரக்கு வேறு. சில ஆண்டுகளுக்கு முன் சோர் பஜாரில் பழைய இசைத்தட்டு ஒன்று வாங்கினேன். உறையில் கோட்டும் டையும் போட்ட நாலு பேர். வீட்டில் போட்டுக் கேட்டால், தரையிலிருந்து புறப்படுவது போல ஓர் அடிக்குரல், அதன்மேல் மூன்று குரல்கள். பாட்டு கிறிஸ்தவப் பாட்டு. நான் பிறந்தது சமணக் குடும்பம். ஆனாலும் ஊசியை எடுக்க மனசு வரலை. இவர்கள் யார் என்று தேடிப் படித்தபோது, இது பாட்டின் வரலாறு மட்டுமல்ல, ஒரு வியாபாரத்தின் வரலாறும் கூட என்று தெரிந்தது.

பாட்டுப் புத்தகம் விற்ற பாடகர்கள்

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பருத்தி விவசாயிகள் பாட்டு கற்றுக்கொண்ட முறை தனியானது. ஏழு சுரங்களுக்கு ஏழு வடிவங்கள். ஒன்று முக்கோணம், ஒன்று சதுரம், ஒன்று வட்டம் என்று அச்சிட்டால், வடிவத்தைப் பார்த்தே சுரத்தைச் சொல்லிவிடலாம். 1846இல் ஜெஸ்ஸி ஐக்கின் என்பவர் இந்த ஏழு வடிவ முறையைப் புத்தகமாக வெளியிட்டார். அறுவடை முடிந்த ஓய்வில் ஊருக்கு வரும் பாட்டு வாத்தியார், சில நாட்களிலேயே பெரியவர், சிறியவர் எல்லோருக்கும் இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்.

பாட்டு கற்றவனுக்குப் புத்தகம் வேண்டுமல்லவா? அங்கேதான் வியாபாரம் நுழைகிறது. டென்னஸி மாநிலம் லாரன்ஸ்பர்க் ஊரில் ஜேம்ஸ் வான் என்ற பதிப்பாளர், 1910இல் நாலு பாடகர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தி ஊர் ஊராக அனுப்பினார். முதல் டெனர், லீட், பாரிட்டோன், பேஸ் என்று நாலு குரல். அவர்கள் பாடுவார்கள், கேட்டவர்கள் புத்தகம் வாங்குவார்கள். நம்ம பாஷையில் சொன்னால் பாட்டுதான் சாம்பிள், புத்தகம்தான் சரக்கு. வானிடம் வேலை பார்த்த வி.ஓ. ஸ்டாம்ப்ஸ் பிறகு தனிக் கம்பெனி தொடங்கினார். பாக்ஸ்டர் என்பவரோடு கூட்டுச் சேர்ந்த அந்தக் கம்பெனி, டல்லாஸ் நகரில் பெரிய நிறுவனமாக வளர்ந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே தென்மாநிலங்களில் கறுப்பின மக்களுக்கும் அருமையான நால்வர் குழுக்கள் இருந்தன. நிறபேதம் சட்டமாகவே இருந்த காலம். கோயிலும் மேடையும் தனித்தனி. ஆனால் பாட்டுக்கு வேலி போட முடியவில்லை. கறுப்பினப் பாடலாசிரியர் தாமஸ் டார்சியின் பாடல்களை வெள்ளையர் குழுக்களும் பாடின.

ஒரு குடும்பம், நாலு குரல்

மிசிசிப்பி மாநிலத்தின் சாக்டா கவுன்டியில் பிளாக்வுட் குடும்பம் வாரத்துக்குப் பயிர் செய்த ஏழைக் குடும்பம். 1934இல் மூத்தவர் ராய், தம்பிகள் டாயில், ஜேம்ஸ், ராயின் மகன் ஆர்.டபிள்யூ. ஆகிய நாலு பேரும் சேர்ந்து பாடத் தொடங்கினார்கள். ராய் மதபோதகர். ஜேம்ஸுக்கு வயது 15. அண்ணன் மகன் ஆர்.டபிள்யூ.வுக்கு 12 தான். முறையில் சித்தப்பாவும் மகனும் என்றாலும், அண்ணன் தம்பி போலவே வளர்ந்தார்கள்.

பொருளாதார மந்தத்தில் கையில் காசில்லாத காலம் அது. கிடைத்த வானொலி நிலையங்களில் பாடினார்கள். பிறகு ஸ்டாம்ப்ஸ் கம்பெனியின் ஆதரவு கிடைத்தது. 1940இல் குடும்பத்தோடு வடக்கே, அயோவா மாநிலம் ஷெனன்டோவாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கிருந்த கே.எம்.ஏ. வானொலியின் கதையும் சுவையானது. ஏர்ல் மே என்ற விதை வியாபாரி, தன் விதைகளை விற்பதற்காக 1925இல் தொடங்கிய நிலையம் அது. விதைக்காரரின் வானொலியில் புத்தகக் கம்பெனியின் பாடகர்கள்! போர் முடிந்தபின் சொந்தமாகவே இசைத்தட்டு வெளியிட்டு, தபாலிலும் விற்கத் தொடங்கினார்கள். 1950இல் மெம்ஃபிஸ் நகருக்கு வந்தார்கள். சில ஆண்டுகளில் ஆர்.சி.ஏ. விக்டர் கம்பெனியோடு ஒப்பந்தமும் ஆனது. அந்நகரின் எல்லிஸ் அரங்கில் விடிய விடிய நடக்கும் பாட்டுக் கச்சேரிகளுக்கு வந்து உட்கார்ந்த பையன்களில் எல்விஸ் பிரெஸ்லியும் ஒருவர்.

1954 ஜூன் 30

1954 ஜூன் மாதம் நியூயார்க்கில் ஆர்தர் காட்ஃப்ரியின் திறமைத் தேர்வு நிகழ்ச்சியில் வென்றார்கள். நாடு முழுக்கப் பெயர் பரவியது. ஊர் விட்டு ஊர் போகச் சொந்த விமானமே வைத்திருந்தார்கள், ஓட்டுபவர் ஆர்.டபிள்யூ. அதே மாதம் 30ஆம் தேதி, அலபாமா மாநிலம் கிளான்டனில் பீச் பழத் திருவிழா. ஓடுதளத்தைச் சோதித்துப் பார்க்க ஆர்.டபிள்யூ.வும், பேஸ் குரல் பாடிய பில் லைல்ஸும், உள்ளூர் இளைஞர் ஒருவரும் விமானத்தில் ஏறினார்கள். விமானம் கீழே விழுந்து எரிந்தது; மூவரும் மாண்டார்கள். ஜேம்ஸ் தரையில் நின்று இதைக் கண்ணால் பார்த்தார். நெருப்பை நோக்கி ஓடிய அவரைத் தூக்கிப் பிடித்து நிறுத்தியவர் ஜேக் ஹெஸ். இவர் போட்டிக் குழுவான ஸ்டேட்ஸ்மென் பாடகர்.

இனிமேல் பாட மாட்டேன் என்றார் ஜேம்ஸ். யார்தான் குறை சொல்ல முடியும்?

ஆனால் அந்த ஆண்டிலேயே குழு மறுபடி மேடை ஏறியது. ஆர்.டபிள்யூ.வின் இடத்தில் அவர் தம்பி செசில் வந்தார். குழு தொடங்கிய அதே 1934இல் பிறந்த பிள்ளை. வயது இன்னும் இருபது நிரம்பவில்லை. பேஸ் குரலுக்கு ஜே.டி. சம்னர் என்ற நெட்டையான மனிதர் வந்தார். விமானம் வேண்டாம் என்று முடிவாயிற்று. 1955இல் ஒரு பெரிய பஸ்ஸை வாங்கி, படுக்கை வசதியோடு மாற்றிக்கொண்டார்கள். இன்று அமெரிக்கப் பாடகர்கள் பலர் பஸ்ஸில் சுற்றுகிறார்கள். அந்த வழக்கத்துக்கு முன்னோடி சம்னர்தான் என்பார்கள்.

1957இல் ஜேம்ஸும் சம்னரும் மெம்ஃபிஸில் தேசிய குவார்டெட் மாநாட்டைத் தொடங்கினார்கள். போட்டிக் குழுக்கள் எல்லாம் ஒரே மேடையில். 1958இல் எல்விஸின் தாயார் இறந்தபோது, அவருக்குப் பிடித்த இந்தக் குழுதான் இறுதிச் சடங்கில் பாடியது. 1960களில், ஸ்டாம்ப்ஸ் பெயரைத் தாங்கிய இசைக் கம்பெனி ஒன்றையே இவர்கள் விலைக்கு வாங்கினார்கள். ஒரு காலத்தில் எந்தப் பெயரின் ஆதரவில் பாடினார்களோ, அந்தப் பெயருக்கே முதலாளி! கண்ட்ரி பாடகர் போர்ட்டர் வேகனரோடு பாடிய இசைத்தட்டுக்கு 1966ஆம் ஆண்டின் கிராமி விருது கிடைத்தது. 1977இல் எல்விஸின் இறுதிச் சடங்கில் பாடியவர்களில் ஜேம்ஸும் உண்டு. சம்னர் 1998இலும், செசில் 2000இலும், ஜேம்ஸ் 2002இலும் காலமானார்கள். அண்ணனின் இடத்தில் நின்ற செசில், கடைசி வரை அந்தப் பெயரிலேயே பாடினார். ஜேம்ஸின் மகன்களும் இந்தக் குழுவில் பாடியவர்கள்தான்.

எனக்குப் புரிந்தது

என் தம்பியும் நானும் கூட்டாகப் பாத்திரக் கடை நடத்தினோம். கணக்கு என்னுது, கல்லாவும் பேச்சும் அவனுது. அவன் போன பிறகு நாலு மாசம் ஷட்டரைத் தூக்கலை. அவன் பையன் ஒருநாள் காலையில் சாவியைக் கேட்டான். "பெரியப்பா, நீங்க வந்து சும்மா உட்காருங்க, போதும்" என்றான். போய் உட்கார்ந்தேன். முதல் வாரம் அவன் சொன்ன விலையெல்லாம் எனக்குத் தப்பாகவே பட்டது. ஏன்னா, அது என் தம்பி குரல் இல்லை.

ஜேம்ஸுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். பக்கத்தில் நின்ற செசிலின் குரல், ஆர்.டபிள்யூ.வின் குரல் இல்லை. 1954க்கு முந்தின பாட்டையும் பிந்தின பாட்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் வித்தியாசம் தெரியத்தான் செய்கிறது. சம்னரின் அடிக்குரல் இன்னும் கீழே இறங்குகிறது; பாரிட்டோன் வேறு ஆள் என்று காது சொல்கிறது. செசிலை அண்ணனைப் போலப் பாடச் சொல்லவில்லை; அவர் குரலுக்கு இடம் விட்டு மற்ற மூவரும் சேர்ந்து பாடினார்கள். அதனால்தான் பெயர் நிலைத்தது என்று நான் நினைக்கிறேன்.

இப்போது கடையில் பையன்தான் விலை சொல்கிறான். நான் கணக்கு எழுதுகிறேன். அந்த இசைத்தட்டை ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் சேர்ந்து கேட்கிறோம்.