மண் மூசையில் பிறந்த பேனாக்கத்தி

விருத்தாசலம் என்றதும் பீங்கான் பொருள்கள் உங்கள் நினைவுக்கு வரும். மண்ணைப் பிசைந்து, வடிவமைத்து, சூளையில் சுட்டுப் பொருளாக்கும் ஊர் அது. கத்திக்குப் பெயர் பெற்ற ஊரன்று. ஆயினும் உங்கள் சட்டைப் பையிலுள்ள மடக்குக் கத்தியின் வரலாற்றை அந்தச் சூளைகளின் அருகிலிருந்து தொடங்குவதே பொருத்தம். கத்திக்கும் களிமண்ணுக்கும் என்ன உறவு என்கிறீர்களா? பார்ப்போம்.

எழுதுவோரின் துணைக்கருவி

இறகினால் எழுதிய காலத்தில், அதன் முனையைச் சீவ மேலைநாட்டார் ஒரு சிறு கத்தி வைத்திருந்தனர். பேனாக்கத்தி என்னும் பெயர் அவ்வாறு வந்ததே. நம் நாட்டிலும் எழுதுவோரிடம் இத்தகைய கருவி இருந்தது. அதுதான் மடக்கெழுத்தாணி. ஒரு பக்கம் ஓலையில் எழுதும் ஆணி, மறுபக்கம் ஓலையை வாரும் கத்தி. இரண்டையும் பிடிக்குள் மடக்கிக்கொள்ளலாம். பிடியை மரத்தாலோ, மாட்டுக்கொம்பாலோ, தந்தத்தாலோ செய்தனர் என்பதை உ. வே. சாமிநாதையரின் எழுத்துகளால் அறிகிறோம்.

ஒரே எஃகு, இரண்டு குணம்

பிற்கால மடக்குக் கத்தியைத் திறந்து பாருங்கள். அலகு விரிந்ததும் 'டக்' என்று நிற்கிறது. பிடியின் முதுகிலுள்ள எஃகு வில் அலகின் அடியை அழுத்துவதே காரணம். அலகு கடினமாக இருக்கவேண்டும். வில்லோ வளைந்து நிமிரவேண்டும். ஒரே எஃகு இரண்டுக்கும் எப்படிப் பொருந்துகிறது?

கொல்லர் முதலில் இரண்டையும் சிவக்கக் காய்ச்சி, நீரிலோ எண்ணெயிலோ தோய்ப்பார். எஃகு மிகக் கடினமாகும்; ஆனால் கண்ணாடி போல் உடையக்கூடியதாகவும் ஆகிவிடும். ஆகவே அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, மீண்டும் மெல்லச் சூடேற்றுவார். அப்போது மேற்பரப்பில் மெல்லிய ஆக்சைடு படலம் தோன்றி நிறம் காட்டும். ஏறத்தாழ 230 டிகிரி செல்சியசில் வைக்கோல் நிறம் வரும். அது அலகுக்குப் பதம். 300 டிகிரியை நெருங்கும்போது நீலம் படரும். அது வில்லுக்குப் பதம். வெப்பமானி இல்லாத உலைக்களத்தில் கண்ணே வெப்பமானி!

அலங்காரம் அதன் பிறகுதான். சூட்டில் இளகும் கொம்பைத் தட்டையாக்கிப் பிடியின் இருபுறமும் பதிப்பர். பித்தளை ஆணிகளால் இறுக்குவர். வில்லின் முதுகில் அரத்தால் கொடிபோல் வெட்டுகள் இடுவர். பதம் தவறிய அலகுக்கு எந்த அலங்காரமும் பயன்படாது.

மூசைக்குள் நடந்தது

பதம் பிடிக்கும் எஃகு எங்கிருந்து வந்தது? தென்னிந்தியக் கொல்லர்கள் களிமண்ணோடு உமியைப் பிசைந்து மூசை செய்தனர். மூசை என்பது உலோகம் உருக்கும் சிறு மண்பாத்திரம். அதனுள் இரும்புத் துண்டுகளையும் மரத்துண்டு, இலைகளையும் இட்டு, வாயை மண்ணால் மூடி, உலையில் நெடுநேரம் காய்ச்சினர். இலையும் மரமும் கரியாயின. அந்தக் கரியை இரும்பு ஏற்றது. தூய இரும்பு உருக 1,538 டிகிரி வேண்டும். கரி சேரச்சேர உருகுநிலை தாழ்கிறது. இவ்வாறு நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவில் கரி கலந்த எஃகுக் கட்டி கிடைத்தது. உருக்கு என்னும் பெயரே செய்முறையைச் சொல்கிறதல்லவா?

இத்தகைய மூசைத் துண்டுகளை மேல்சிறுவளூரில் கண்டு, 1990-களில் ஆராய்ந்து வெளியிட்டவர் சாரதா சீனிவாசன். விருத்தாசலமும் மேல்சிறுவளூரும் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தவையே.

இலண்டனில் ஒரு சோதனை

1794-இல் ஹெலினஸ் ஸ்காட் என்ற மருத்துவர் பம்பாயிலிருந்து இந்திய உருக்குக் கட்டிகளை இலண்டனுக்கு அனுப்பினார். அவற்றைப் பெற்ற அரச கழகத் தலைவர் ஜோசப் பாங்க்ஸ், ஒரு துண்டைக் கத்தித் தொழிலாளர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டிடம் கொடுத்தார். அவர் அதில் செய்தது என்ன தெரியுமா? ஒரு பேனாக்கத்தி! மிகச்சிறந்த எஃகுக் கத்திக்கு அது இணையாக வெட்டியது என்று 1795-இல் ஜார்ஜ் பியர்சனின் ஆய்வுரை பதிவு செய்தது.

பின்னர் கொல்லரின் மகனான மைக்கேல் ஃபாரடே, ஸ்டோடார்ட்டுடன் சேர்ந்து இந்த எஃகின் இரகசியத்தைத் தேடினார். அலுமினாவும் சிலிக்காவும் கலந்திருப்பதே காரணம் என எண்ணினார். அது சரியன்று. ஆயினும் 1820-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு, கலப்பு எஃகு ஆராய்ச்சிக்குத் தொடக்கமாயிற்று.

மலிவான இறக்குமதி இரும்பு வந்தபின் நம் மூசை உலைகள் அணைந்தன. கத்தி செய்தவர், சோதித்தவர், எழுதியவர் பெயர்கள் நூலில் இருக்கின்றன. அந்தக் கட்டியை உருக்கியவர் பெயர் எங்கும் இல்லை. எழுதுகோலைச் சீவிய எஃகைப் படைத்தவரைப் பற்றி எழுதுவார் இல்லாமற்போயிற்று!

உங்கள் வீட்டுப் பழைய பெட்டியில் மடக்கெழுத்தாணி ஏதும் கிடக்கிறதா? துருப்பிடித்ததென்று பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். யாருடையது, எந்த ஊரில் செய்தது என்று பெரியவர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். உங்கள் நிலத்தில் ஏர் முனை பட்டுச் சுட்ட மண்துண்டும் இரும்புக் கசடும் வெளிவந்தால் அந்த இடத்தையும் குறித்து வையுங்கள். மேல்சிறுவளூரின் கதையும் அத்தகைய உடைந்த துண்டுகளிலிருந்துதான் நமக்குக் கிடைத்தது.