ஒரு தராசும் செவிலி என்ற சொல்லும்

சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் சாலையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர். தமிழ் வாத்தியார் என்பதால் கூட வருகிற மாணவிகள் அந்தப் பலகைகளுக்கு விளக்கம் கேட்பார்கள். சொல்லிக்கொண்டே வருவேன். மனதில் ஓடுவதென்னவோ ஒரு தராசு.

1998இல், மேலே தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டில், என் சித்திக்கு மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தது. துணைக்குப் போயிருந்த அம்மாச்சி குழந்தையின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லையாம். மறுநாள் கிராம சுகாதாரச் செவிலியர் வந்தார். கொக்கியில் மாட்டும் தராசு, அதில் தொங்கவிட ஒரு துணி, நீளமான பதிவேடு. எடை போட்டு எழுதிக்கொண்டார். அடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த நாளும். மழைக்கும் அட்டைக்கும் நிற்கவில்லை. “தினமும் நிறுக்குறதுக்கு இது என்ன கொழுந்தா?” என்று அம்மாச்சி கேட்டாள். “ஆமா பாட்டி, நானும் கணக்குக் காட்டணும்ல” என்றாராம் அவர்.

எதற்காக அந்தத் தினசரி எடை என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. உசிலம்பட்டி வட்டாரத்துப் பெண்சிசுக் கொலைகள் பத்திரிகைகளில் வரத்தொடங்கியது 1980களின் நடுவில். தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில் தொடங்கி, தேனிக்கு 2001இல்தான் வந்தது. அந்தத் தொட்டில் வருவதற்கு முன்பே, எங்கள் சித்தி வீட்டில் அம்மாச்சிக்கும் குழந்தைக்கும் நடுவே இந்தத் தராசு தொங்கியது. எடை எழுதப்பட்ட பிள்ளை கணக்கில் வந்துவிட்ட பிள்ளை.

செவிலி என்ற சொல்லை நாம் அக இலக்கியத்திலிருந்து எடுத்தோம். உடன்போக்கில் மகள் போனபின் நற்றாய் வீட்டிலிருந்து புலம்புவாள். செவிலித்தாய்தான் பாலை வழியே தேடிப் போவாள். எதிரே வருகிறவர்களிடம் விசாரிக்கும் செவிலியைக் கலித்தொகையில் பார்க்கலாம். வீட்டைவிட்டு இறங்கி நடக்கிறவள் என்ற வகையில் பெயர் பொருத்தமானதே. ஆனால் அந்தத் ‘தாய்’ கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டாள். தாய்க்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்? மேடையில் ‘வெள்ளுடைத் தேவதை’ என்று புகழ்கிறவர்கள் சம்பளப் பேச்சு வந்தால் ‘சேவை’ என்கிறார்கள்.

சென்னைப் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி தொடங்கியது 1871இல். சென்னை மாகாணச் செவிலியர், பேறுகாலத் தாதியர் சட்டம் வந்தது 1926இல். பயிற்சி, தேர்வு, பெயர்ப் பதிவு என்று இந்த வேலை தொழிலாக மாறியது இப்படித்தான். இரத்தத்தையும் மலத்தையும் தொடும் வேலை தீட்டு என்று சாதி இந்துக் குடும்பங்கள் ஒதுங்கி நின்ற காலத்தில், ஆங்கிலோ இந்தியப் பெண்களும் கிறித்தவப் பெண்களும்தான் பெருமளவில் இதற்குள் வந்தார்கள். புகலிடம் இல்லாத விதவைகளுக்கும் சொந்தச் சம்பளத்துக்கு இது ஒரு வழியானது. இந்த வேலையின் பலம் பற்றிப் பேசும்போது பொறுமை, கருணை என்று ஆரம்பிக்கிறோம். எனக்கு முதலில் தோன்றுவது படிப்பும், அது தரும் அதிகாரமும். மாமியாரைத் தாண்டி, கணவனைத் தாண்டி, பிரசவித்தவளின் பாய்வரை போய் உட்கார்ந்து கேள்வி கேட்க ஊரில் வேறு எந்தப் பெண்ணுக்கு உரிமை இருந்தது?

அந்த அதிகாரத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. சமவெளியில் 5,000 பேருக்கும் மலையில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. அந்த நிலையத்துப் பெண்களிடம்தான் குடும்பக் கட்டுப்பாட்டு இலக்கும் ஒப்படைக்கப்பட்டது. ஆண்டுக்கு இத்தனை ஆபரேஷன் என்ற இலக்குமுறை 1996இல் அதிகாரப்பூர்வமாகக் கைவிடப்பட்டது. வாய்மொழியாக நின்றதா என்பது வேறு. எங்கள் சித்தியையும் அதே நர்சம்மாதான் ஆபரேஷனுக்கு அழைத்துப்போனார். சித்தப்பாவிடம் அந்தப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை. குழந்தையைக் காத்த பதிவேட்டில்தான் தாயின் உடம்பும் எண்ணாகப் பதிந்தது. இரண்டையும் சேர்த்துத்தான் நான் எழுத வேண்டியிருக்கிறது.

2017 நவம்பரில் ஒப்பந்தச் செவிலியர்கள் சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். 2015இல் தேர்வெழுதி வேலைக்கு வந்தவர்கள் அவர்கள். தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். பணிநிரந்தரம் கேட்டார்கள். நோயாளிகளை விட்டுவிட்டுப் போராட்டமா என்று என்னுடன் வேலை பார்க்கும் ஒரு பேராசிரியர் வருத்தப்பட்டார். நாங்கள் விடைத்தாள் திருத்தாமல் போராடியபோது அவர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று கேட்டேன். பேச்சு நின்றுபோனது.

போன மே மாதம் சித்தியிடம் அந்த நர்சம்மாவின் பெயரைக் கேட்டேன். அந்தப் பிள்ளை இப்போது ஓசூரில் வேலை பார்க்கிறாள். அவளும் பக்கத்தில் இருந்தாள். சித்தி நெடுநேரம் யோசித்தாள்.

“பேரா? நர்சம்மான்னுதான கூப்புட்டோம்.”