பாதை ஓய்ந்த துறை

மட்டக்களப்பு மக்களின் பேச்சில் 'பாதை' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று எல்லாத் தமிழருக்கும் தெரிந்தது. மற்றது, வாவியைக் கடக்க உதவும் மிதவை. "பாதை போயிட்டு" என்று இங்கே ஒருவர் சொன்னால் வெளியூரார் மிரளக்கூடும். மிதவை அக்கரைக்குப் புறப்பட்டுவிட்டது, அது திரும்பி வரும் வரை துறையில் குந்தியிருக்க வேண்டும் என்பதே அதன் அர்த்தம். அப்படிக் குந்தியிருந்தே தலைமுறைகள் கழிந்தன.

இந்தத் தலைமுறைகளின் காத்திருப்பை எந்த வரலாற்று நூலும் விரிவாகச் சொல்லவில்லை. போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டியதும், ஒல்லாந்தர் 1638இல் அதைப் பிடித்ததும் பாடப் புத்தகத்தில் இருக்கின்றன. கண்டி மன்னன் செனரத், போர்த்துக்கேயர் துரத்திய முஸ்லிம்களைக் கிழக்கில் குடியமர்த்திய செய்தியை நம் மேடைகளில் கேட்காதவர் இல்லை. ஒரு கர்ப்பிணி இரவில் எப்படி வாவியைக் கடந்தாள் என்பது மட்டும் எங்கும் எழுதப்படவில்லை. என் கண்ணுக்கு அதுவும் வரலாறுதான்.

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. கடலோடு அது கலக்கும் வாய்கள் இரண்டு: வடக்கே பாலமீன்மடுவை ஒட்டிய முகத்துவாரம், தெற்கே கல்லாறு. வாவிக்குக் கிழக்கே கடலோரமாகக் கிடக்கும் ஒடுங்கிய நிலம் எழுவான்கரை. சூரியன் எழும் பக்கம். மேற்கே வயலும் குளமும் காடுமாக விரியும் நிலம் படுவான்கரை. சனம் கிழக்கே நெருங்கி வாழ்ந்தது, சோறு மேற்கே விளைந்தது. காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி என்று வீட்டோடு வீடு ஒட்டிய ஊர்கள் இந்தப் பக்கம். வட்டைகளும் மாட்டுப் பட்டிகளும் அந்தப் பக்கம். ஆகவே வாவியைக் கடப்பது இங்கு உல்லாசப் பயணம் அல்ல, அன்றாடப் பிழைப்பு.

தரைவழியே இல்லை என்று சொல்ல முடியாது. நகரத்தை ஒட்டி வலையிறவுப் பாலம் இருந்தது. தெற்கே பட்டிருப்புப் பாலம் இருந்தது. நடுவில் உள்ளவர்களுக்கு இரண்டும் தூரம். கொக்கட்டிச்சோலையில் நின்று பார்த்தால் நேர் எதிரே தெரிகிற கரைக்கு வடக்கே வவுணதீவைச் சுற்றி வர வேண்டும், அல்லது தெற்கே பட்டிருப்பைச் சுற்றி வர வேண்டும். குறுக்குவழி மண்முனைத் துறைதான். கலிங்க நாட்டு இளவரசி உலகநாச்சியோடு மண்முனையைத் தொடர்புபடுத்திப் பேசும் பழைய மரபு 1962இல் அச்சேறிய 'மட்டக்களப்பு மான்மிய'த்தில் உண்டு. இளவரசியின் கதை எப்படியோ போகட்டும், துறையின் பழமையை ஐயுறத் தேவையில்லை. அம்பிளாந்துறை என்ற பெயரிலேயே துறை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மிதவையின் மேல் பலகைத் தளம், ஓரத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. கையால் இழுத்து ஓட்டினார்கள், பிற்காலத்தில் இயந்திரம் பூட்டினார்கள். சைக்கிள், மோட்டார் சைக்கிள், நெல் மூடை, ஆடு, பள்ளிக்கூடப் பிள்ளை, ஆசிரியர், எல்லாம் ஒரே தளத்தில். ஆசிரியர் கலாசாலையில் என்னோடு படித்த நண்பர் ஒருவரின் முதல் நியமனம் படுவான்கரைப் பாடசாலை ஒன்றுக்கு. முதல் பாடவேளைக்கு அவர் போய்ச் சேர்ந்த நாட்களை விரல்விட்டு எண்ணலாம் என்பார். அதிபர் அவரைக் கடிந்ததில்லையாம், ஏனென்றால் அதிபரும் அதே பாதையில்தான் வருவார்! மாரி மழை தொடங்கிக் காற்று ஏறினால் பாதை ஓடாது. பொழுதுபட்டாலும் ஓடாது. நோயும் பிரசவ வலியும் அந்த நேரம் பார்த்துத்தான் வரும். தோணிக்காரன் வீட்டுக் கதவைத் தட்டுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

அதே பலகையில்தான் நம் உறவும் வளர்ந்தது. காத்தான்குடியிலிருந்து புடைவைப் பொட்டணியும் அலுமினியச் சட்டி பானையுமாக சைக்கிளில் புறப்பட்ட வியாபாரி படுவான்கரைக் கிராமங்களில் கடனுக்குக் கொடுத்தார், அறுவடைக்குப் பிறகு நெல்லாக வாங்கினார். கடன் கணக்கு இருவர் மனத்திலும் இருந்தது. தயிரும் கச்சானும் சோளனும் இக்கரைக்கு வந்தன. பெருநாளைக்கு வட்டிலப்பம் அக்கரைக்குப் போனது. போடியார் முஸ்லிமாக இருப்பார், முல்லைக்காரர் தமிழராக இருப்பார், மாறியும் இருக்கும். "மச்சான்" என்ற விளி இருதரப்புக்கும் பொது. இதைப் பொற்காலம் என்று நான் எழுத மாட்டேன். முல்லைக்காரரின் பங்கு எப்போதும் நியாயமாக அளக்கப்பட்டது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது.

1990 எல்லாவற்றையும் முறித்தது. அந்த ஆண்டு குருக்கள்மடத்திலும், காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும், ஏறாவூரிலும் நடந்தவற்றை இந்த வாசகர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. உறுகாமம், உன்னிச்சைப் பக்கத்து முஸ்லிம்கள் எழுவான்கரைக்கு ஓடி வந்தார்கள். மறுபுறத்தில், கொக்கட்டிச்சோலைச் சனங்களும் தம் மரணங்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். 1987 ஜனவரியில் மகிழடித்தீவு இறால் பண்ணையில் நடந்த கொலைகளும், 1991 ஜூனில் நடந்தவையும் அவர்களுடைய நினைவில் உறைந்தவை. படுவான்கரை புலிகளின் கையிலும் எழுவான்கரை இராணுவத்தின் கையிலும் இருந்த காலத்தில் வாவி ஓர் எல்லையாயிற்று. துறை சோதனைச் சாவடியாயிற்று. 2007இல் படையினர் படுவான்கரையைக் கைப்பற்றும் வரை ஏறக்குறைய இந்த நிலைதான். பதினேழு வருடம் என்பது ஒரு பிள்ளை பிறந்து உயர்தரம் படிக்கும் காலம். மறுகரையின் பெயரைக் கேட்டாலே அஞ்சும் பிள்ளைகள் இரண்டு கரையிலும் வளர்ந்தார்கள்.

இந்தப் பின்னணியில்தான் 2014 ஏப்ரல் 19ஐப் பார்க்க வேண்டும். ஜப்பானின் நன்கொடையில் கட்டப்பட்ட மண்முனைப் பாலம் அன்று திறக்கப்பட்டது. பாலத்தின் நீளம் 210 மீற்றர். உலக அளவில் இது ஒரு பொருட்டே அல்ல. முந்திய ஆண்டு மார்ச்சில் திறந்த கல்லடிப் புதுப் பாலம்கூட இதைவிட நீளம். கல்லடியில் பழைய பாலம் ஏற்கெனவே இருந்தது. 1918 முதல் 1925 வரை ஆளுநராயிருந்த சேர் வில்லியம் மனிங்கின் மனைவி பெயரைத் தாங்கிய அந்த இரும்புப் பாலத்தில் ஒரு பக்க வாகனம் போக மறுபக்கம் காத்து நிற்கும், அவ்வளவே. மண்முனையில் அதுவும் இல்லை. இல்லாத இடத்தில் வந்த 210 மீற்றர் அது.

திறப்பு விழாவின் பேச்சுகளை விடுங்கள், அரசியல்வாதிகள் தங்கள் பங்கை அன்றே எடுத்துக்கொண்டார்கள். பிறகு நடந்தவை பத்திரிகைக்குச் செய்தியாகாதவை. கறந்த பால் புளிக்கும் முன் கடைக்கு வந்தது. வாவி மீன் உயிரோடு சந்தைக்கு வந்தது. பட்டதாரி ஆசிரியைகள் பொழுதுபடும் முன் வீடு திரும்பினார்கள். அம்புலன்ஸ் துறையில் நிற்காமல் போனது. படுவான்கரைக் கல்யாணத்துக்குக் காத்தான்குடியில் சாரி எடுக்க வந்த பெண்கள் விலை பேசி, கோபித்து எழுந்து போய், மறுபடி வந்து எடுத்துக்கொண்டு மாலையிலேயே ஊர் சேர்ந்தார்கள். கோபித்துப் போக நேரம் இருப்பதும் ஒரு வசதிதானே! முன்பு கடைசிப் பாதையைப் பிடிக்கும் அவசரத்தில் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு ஓடியவர்கள் அவர்கள்.

பாலம் எல்லாவற்றையும் சரிசெய்துவிடவில்லை. கைவிட்டு வந்த வயல்கள் எல்லாம் உரியவர் கைக்குத் திரும்பவில்லை. அந்த வழக்குகள் வேறு கதை. உன்னிச்சைக் குளத்து நீர் குழாய் வழியே எழுவான்கரை வீடுகளுக்கு வந்தபோது, குளத்துக்கு அருகே வாழும் கிராமத்தவர் தங்களுக்குக் குடிக்க நீர் இல்லையே என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு முஸ்லிம் கடைகளைத் தவிர்க்கும்படி பிரசாரம் நடந்தது. பாலம் திறந்தே கிடந்தது, ஆனால் அதைக் கடக்க நம் சைக்கிள் வியாபாரிகள் தயங்கினார்கள். அந்த மாதங்களில் கொங்கிறீற்றும் ஒரு வாவியாயிற்று. மீண்டும் போகத் தொடங்கியதற்கு விழா எதுவும் எடுக்கப்படவில்லை. பழைய கடனை வசூலிக்க ஒருவர் போனார், கொடுக்க வேண்டியவர் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார் என்றுதான் கேள்விப்பட்டேன். 2022இல் பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்றபோது பாலத்தில் மறுபடியும் மிதி சைக்கிள்கள் நிறைந்தன.

நட்டப்பட்டவர்களும் உண்டு. பாதை ஓட்டியவர்களின் வேலை போயிற்று. காத்திருப்பவர்களை நம்பித் துறையில் தேநீரும் வடையும் விற்றவர்கள் வேறு தொழில் தேடினார்கள். காத்திருந்த நேரத்தில் நடந்த பேச்சும் போயிற்று. ஒரே பலகையில் கால் மணி நேரம் தோளோடு தோள் நின்றவர்கள் இப்போது ஹெல்மெட்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு ஒரு நிமிடத்தில் கடந்துவிடுகிறார்கள். பேச்சு வேண்டும் என்பதற்காகப் பாலம் வேண்டாம் என்று சொல்லும் துணிவு எனக்கில்லை. சொல்பவர்கள் ஒரு மாரி காலத்து இரவை நோயாளியோடு துறையில் கழித்தவர்களாக இருக்கட்டும், கேட்கிறேன்.

மண்முனையில் பாதை ஓய்ந்த பின்னரும் தெற்கே குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையில் அது ஓடிக்கொண்டிருந்தது. மண்டூர் முருகன் கோயில் திருவிழா நாட்களில் அதில் கால் வைக்க இடமிருக்காது. எங்கள் வகுப்பில் ஒரு நாள் 'பாதை' என்ற சொல்லை வசனத்தில் அமைக்கச் சொன்னேன். முப்பது பிள்ளைகளில் ஒருத்தி மட்டும், "பாதை அக்கரையில் நிற்கிறது" என்று எழுதியிருந்தாள். விசாரித்தேன். அவளுடைய உம்மும்மா கற்றுக்கொடுத்த வசனமாம். முழுப் புள்ளியும் போட்டேன்.