பூதக்கண்ணாடியும் பழுப்புத் தாளும்: ஃபிராங்க்ளினின் 1784ஆம் ஆண்டுக் கட்டுரை குறித்து ஒரு மறுவாசிப்பு

பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1784 மே மாதம் பாரிஸை அடுத்த பாஸியில் எழுதிய சிறு கட்டுரை, அவ்வாண்டு டிசம்பரில் மான்செஸ்டர் இலக்கிய, தத்துவக் கழகத்தில் வாசிக்கப்பட்டது. எரிமலையையும் தட்பவெப்பத்தையும் இணைத்த முன்னோடி ஆவணம் என்று அதைக் கொண்டாடுவதும், அதன் துணையோடு 1783–84 கடுங்குளிரை ஐஸ்லாந்தின் லாக்கி எரிமலைப் பிளவின் கணக்கில் எழுதுவதும் வழக்கமாகிவிட்டன. அக்கட்டுரையால் இந்தப் பாரத்தைத் தாங்க முடியாது என்றே தோன்றுகிறது. கோடையில் கவிந்த மூட்டத்துக்கு அது நல்ல சாட்சி. குளிர்காலத்தின் காரணத்துக்கு அது சாட்சியே அல்ல.

கட்டுரையில் கண்டதையும் கருதியதையும் பிரித்துக்கொள்ள வேண்டும். கண்டது இவ்வளவே: ஐரோப்பா எங்கும் வெயிலுக்குக் கலையாத வறண்ட மூட்டம், பூதக்கண்ணாடியில் குவித்தாலும் பழுப்புத் தாளைப் பற்றவைக்கத் திணறும் அளவுக்கு மங்கிய கதிர். மற்றதெல்லாம் கருதியது: கதிர் மங்கியதால் நிலம் சூடேறவில்லை, அதனால் முன்கூட்டியே உறைந்தது, அதனால் முதல் பனி உருகாமல் தங்கியது, அதனால் குளிர் கடுமையாயிற்று. இந்தச் சங்கிலி முதல் கண்ணியிலேயே அறுகிறது. மத்திய இங்கிலாந்து வெப்பப் பதிவில் 1783 ஜூலையின் சராசரி 18.8 டிகிரி செல்சியஸ். 1983 வரை அங்கே அதை மிஞ்சிய ஜூலை இல்லை. தாள் பற்றாததும் நிலம் கொதித்ததும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல. பூதக்கண்ணாடி குவிப்பது சூரியனிடமிருந்து நேரே வரும் கதிரை மட்டுமே. மூட்டத்தில் இருந்த சல்ஃபேட் துகள்கள் சிதறடித்த ஒளியின் பெரும்பகுதி வானமெங்கும் பரவி நிலத்துக்கே வந்து சேரும். அதை எந்தக் கண்ணாடியாலும் குவிக்க இயலாது. ஃபிராங்க்ளின் அளந்தது ஒளியின் திசையை. அளந்துவிட்டதாக எண்ணியதோ வெப்பத்தின் அளவை.

லாக்கி எட்டு மாதங்களில் உமிழ்ந்த கந்தக டைஆக்சைடு சுமார் 12 கோடி டன். 1991இல் பினடூபோ எரிமலை உமிழ்ந்ததைப் போல் ஏறத்தாழ ஆறு மடங்கான இவ்வளவும் விளைவின்றிப் போகுமா என்று கேட்கலாம். அளவு மட்டுமே விடையாகாது. அடிவளிமண்டலத்தில் தங்கிய பங்கைச் சில வாரங்களில் மழை கழுவிவிடும். அடுக்குமண்டலத்தை எட்டிய பங்கு வெயிலைத் திருப்பி அனுப்பித்தான் குளிர்விக்க முடியும். வட அகலாங்குகளின் டிசம்பரில் திருப்பி அனுப்ப வெயிலே சொற்பம். மறுபுறம், மர வளையங்களைக் கொண்டு மீட்டமைத்த தரவுகள் அக்குளிர்காலத்தில் வட அட்லாண்டிக் அலைவு (அக்கடல் மீதான காற்றழுத்த வேறுபாட்டின் ஏற்ற இறக்கம்) எதிர்மறையாகவும் எல் நினோ உடனிருந்ததாகவும் காட்டுகின்றன. இதே சேர்க்கை 2009–10 குளிர்காலத்தையும் உறையவைத்தது. அப்போது பெருவெடிப்பு எதுவும் தேவைப்படவில்லை. அந்த அலைவையே லாக்கிதான் திருப்பியிருக்கும் என்பாரும் உண்டு. அந்த வாய்ப்பை முற்றிலும் மறுப்பதற்கில்லை. ஆனால் நிறுவ வேண்டிய கடமை அவர்களுடையது.

இதனால் லாக்கியின் கொடுமை குறைந்துவிடாது. ஐஸ்லாந்தில் ஃபுளோரின் படிந்த புல்லை மேய்ந்து கால்நடைகள் மாண்டன. பஞ்சத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மக்கள் மடிந்தனர். மறுக்கப்படுவது ஐரோப்பியக் குளிர்காலத்துக்கான காரணச் சங்கிலி மட்டுமே. அதில் ஃபிராங்க்ளினைவிட அவரைப் போற்றுவோரே உறுதியாக இருக்கிறார்கள். மூட்டத்துக்கு விண்கல் எரிவையும் மாற்றுக் காரணமாக முன்வைத்த அவர், முந்தைய கடுங்குளிர்களுக்கு முன்னும் இத்தகைய மூட்டம் இருந்ததா என்று தேடிப் பார்க்கச் சொன்னார். அந்தச் சோதனையின் மறுபாதியை 2010 முடித்துவைத்தது: மூட்டமே இல்லாமலும் அத்தகைய குளிர் வரும்.