அந்த 250 பேர்ல நம்மூர்க்காரன் எத்தனை பேரு?

2024 ஆகஸ்ட்ல டாபர் கம்பெனி தமிழக அரசோட ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. இடம் திண்டிவனம் சிப்காட். எங்க ஒலக்கூருக்குப் பக்கம்தான். ஐந்து வருஷத்தில் 400 கோடி முதலீடு, 250 பேருக்கு வேலைன்னு பேப்பர்ல வந்துச்சு. ஒரு வேலைக்கு 1.6 கோடி முதலீடு (கணக்குப் புலின்னு நினைச்சுக்காதீங்க, மொபைல்ல வகுத்தேன்). டீக்கடையில ஒரு பெரியவர் கேட்டார்: "அதுல நம்மூர்க்காரன் எத்தனை பேரு?"

அந்தக் கேள்விதான் என்னைக் குடைஞ்சுக்கிட்டே இருந்தது. சலுகை வாங்குற கம்பெனிகிட்ட, 'இவங்களை வேலைக்கு எடு'ன்னு அரசாங்கம் சொல்ல முடியுமா? தேடிப் படிச்சா, வெள்ளைக்காரன் காலத்துலயே சொல்லியிருக்காங்க!

1924ல் உருக்குத் தொழில் பாதுகாப்புச் சட்டம்னு ஒண்ணு வந்தது. வெளிநாட்டு உருக்கு மலிவா வந்து இறங்க, ஜாம்ஷெட்பூர் டாடா ஆலை தள்ளாடிக்கிட்டு இருந்த நேரம். முதல் வருஷம் ஒரு டன் தண்டவாளத்துக்கு 32 ரூபாய் மானியம். அதோட ஒரு நிபந்தனையும் உண்டு. புதுசா இந்தத் தொழிலுக்கு வர்ற கம்பெனிக்கு மானியம் வேணும்னா, இந்தியர்களுக்குத் தொழில்நுட்பப் பயிற்சி தரணும். ரூபாயில் மூலதனம் இருக்கணும், இயக்குநர்களில் குறிப்பிட்ட பங்கு இந்தியர்களா இருக்கணும். ஏற்கெனவே தொழில்ல இருந்தவங்களுக்கு இந்த நிபந்தனை கிடையாது. ஓட்டை அப்பவே இருந்திருக்கு பாருங்க :)

ஆனாலும் எனக்குப் பிடிச்சது என்னன்னா, அதுல தலைக்கணக்கு இல்லை. 'இத்தனை பேரை எடு'ன்னு சொல்லாம, 'தொழிலைக் கத்துக்கொடு'ன்னு சொல்லியிருக்காங்க.

சுதந்திரத்துக்கு அப்புறம் 1959ல் வேலைவாய்ப்பு அலுவலகச் சட்டம். 25 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யுற தனியார் நிறுவனங்களும் காலியிடத்தை எம்ப்ளாய்மெண்ட் ஆபீசுக்குத் தெரிவிக்கணும்னு ஆச்சு. ஆனா அங்கே பதிஞ்சவங்களைத்தான் எடுக்கணும்னு கட்டாயம் இல்லைன்னு அதே சட்டத்துலயே எழுதி வச்சுட்டாங்க. நம்ம தலைமுறையில எத்தனை பேர் அந்த அட்டையைப் புதுப்பிச்சுப் புதுப்பிச்சே வயசானோம்!

அப்புறம் மாநிலங்கள் இறங்கின. இதுல ரெண்டு வழி இருக்கு, ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது. ஒண்ணு, எல்லா கம்பெனிக்கும் சட்டம் போடுறது. ஹரியானா 2020ல் அப்படித்தான் போட்டது. மாசம் 30,000 ரூபாய் வரைக்குமான வேலைகளில் 75 சதவீதம் உள்ளூர்க்காரருக்குன்னு. 2022 ஜனவரியில் அமலுக்கு வந்தது, 2023 நவம்பர்ல பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் செல்லாதுன்னு சொல்லிடுச்சு. இன்னொரு வழி, 'சலுகை வேணும்னா மட்டும்' இந்த நிபந்தனைங்கறது. மகாராஷ்டிரா தன்னோட ஊக்கச் சலுகைத் திட்டத்துல 80 சதவீதம் உள்ளூர் ஆட்கள்னு வச்சது. மத்தியப் பிரதேசம் 2018 டிசம்பர்ல 70 சதவீதம்னு அறிவிச்சது. சலுகை வேணாம்னா நிபந்தனையும் இல்லை. 1924 சட்டத்தோட வழியும் இதுதான்.

தமிழ்நாட்டுல 75 சதவீதம்ங்கறது 2021 திமுக தேர்தல் அறிக்கையில் வந்தது. 2024-25 பட்ஜெட்ல கொஞ்சம் வேற மாதிரி யோசிச்சிருந்தாங்க. பெண்கள், மாற்றுத்திறனாளிகள், திருநங்கையர்னு 500 பேருக்கு மேல் வேலை தர்ற புது நிறுவனங்களுக்கு, ரெண்டு வருஷம் சம்பளத்துல 10 சதவீதம் மானியம்.

ரெண்டு வருஷம்ங்கற இடத்துலதான் நான் நின்னுட்டேன். நோக்கியா ஞாபகம் வந்துடுச்சு. 2005ல் அரசோட ஒப்பந்தம், 2006 ஜனவரியில் ஸ்ரீபெரும்புதூர்ல உற்பத்தி, ஆயிரக்கணக்குல இளம்பெண்களுக்கு வேலை. 2014 நவம்பர் 1ல் மூடியாச்சு. வரி வழக்கு, மைக்ரோசாப்ட் கைமாற்றம்னு காரணம் பல இருந்தது. வேலைக்கு எடுத்த எண்ணிக்கை எல்லா மேடையிலும் வந்தது. மூடினப்போ முப்பது வயசுகூட ஆகாம வீட்டுக்குப் போன பொண்ணுங்க எண்ணிக்கையை எந்த மேடையில கேட்டோம்?

என் சித்தி பொண்ணு ஒரு தொழிற்சாலையில (பேர் வேணாமே) மூணு வருஷம் வேலை பார்த்தா. வாசல்ல பெரிய பலகையில கம்பெனி பேரு, அவ கழுத்துல தொங்குன அட்டையில ஒரு ஏஜென்சி பேரு. உள்ளூர்ப் பொண்ணு, பெண் தொழிலாளி, எந்தக் கணக்குலயும் அவளைச் சேர்த்துக்கலாம். ஆர்டர் குறைஞ்சப்போ ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாளையிலேர்ந்து வேன் வராதுன்னு டிரைவர்தான் சொன்னாராம்.

இப்ப வேற கம்பெனி, வேற ஏஜென்சி. காலையில ஜிஎஸ்டி ரோட்டுல அஞ்சே காலுக்கு வேன்.