அலீன் கஸ்ற்: ஒரு பட்டத்தின் விலை

மிருக வைத்தியத்தின் வரலாற்றை எழுதுவோர் நோய்களையும் அவற்றுக்குக் கண்ட மருந்துகளையும் விரிவாகக் கூறுவர். அத்தொழிலையே தம் வாழ்வாக வரித்துக்கொண்டோர் அதன்பொருட்டு இழந்தவை பெரும்பாலும் பேசப்படுவதில்லை. பிரித்தானியாவினதும் அயர்லாந்தினதும் முதலாவது பெண் மிருக வைத்தியரான அலீன் கஸ்ற்றின் வாழ்க்கை இவ்வகையில் ஆராயத்தக்கது.

1868இல் அயர்லாந்தில் உயர்குடியொன்றிற் பிறந்த இவர், எடின்பரோவிலிருந்த புதிய மிருக வைத்தியக் கல்லூரியிற் சேர்ந்தார். குடும்பத்தார் இதனை விரும்பவில்லை. அவர்களுக்குச் சங்கடம் நேராதிருக்கும்பொருட்டுத் தம் பெயரைக் 'கஸ்ற்றன்ஸ்' எனத் திரித்தே பதிந்துகொண்டார். கல்விக்காக அவர் முதலில் இழந்தது தம் பெயரையே எனலாம்.

1881ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மிருக வைத்தியர் என்னும் பெயரைப் பூணும் உரிமை, மிருக வைத்தியர்களின் றோயல் கல்லூரி நடாத்திய பரீட்சைகளிலேயே தங்கியிருந்தது. 1897இல், பெண் என்ற காரணத்தால் அக்கல்லூரி இவருக்குப் பரீட்சை எழுத அனுமதி மறுத்தது. எடின்பரோ நீதிமன்றமோ, இலண்டனில் அமைந்த அக்கல்லூரி தன் அதிகார எல்லைக்குட்பட்டதன்று எனக் கைவிரித்தது.

1900இல் கற்கையை நிறைவு செய்த கஸ்ற், ஆசிரியரின் நற்சான்றை மட்டும் கைக்கொண்டு, அயர்லாந்தின் றொஸ்கொமன் பகுதியில் வில்லியம் பேர்ண் என்னும் வைத்தியரின் உதவியாளரானார். 1905இல் கோல்வே மாவட்ட சபை இவரை மிருக வைத்தியப் பரிசோதகராகத் தெரிவுசெய்தபோது, பட்டமின்மையைக் காட்டி மேலதிகாரிகள் ஏற்க மறுத்தனர். ஈற்றில் பணி இவருக்கு வழங்கப்பட்டது. 'மிருக வைத்தியர்' என்னும் பெயர் வழங்கப்படவில்லை. பேர்ண் 1910இல் மறைந்தபின் அவர்தம் தொழிலையும் இவரே ஏற்று நடாத்தினார். கால்நடைகளை இவரிடம் ஒப்படைத்த கமக்காரர் சான்றிதழைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. 1915இல் பிரான்சுக்குச் சென்று போர்க்குதிரைகளுக்கு வைத்தியம் புரிந்தார்.

பெண்களுக்கெதிரான தொழில் தடைகளை 1919ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கிய பின்னர், 1922 டிசம்பரில் றோயல் கல்லூரி இவருக்குப் பட்டம் வழங்கியது. அப்போது இவருக்கு வயது 54. 1924இல் தொழிலைவிட்டு ஓய்வு பெற்றார். 1937இல் யமேக்காவில் மறைந்தார்.

1922இல் மாறியது கஸ்ற்றின் ஆற்றலன்று, சட்டமே மாறியது. அவ்வாறாயின், இடைப்பட்ட 22 ஆண்டுகளும் ஒரு நிறுவனத்தின் பிடிவாதத்துக்கு ஒரு தனிமனிதர் செலுத்திய விலையேயாகும். பட்டம் பின்னர் கிடைத்ததென்பதால் அவ்விலை திருப்பிக் கொடுக்கப்பட்டதாகாது. 'முதலாவது பெண்' என இவரைப் போற்றும் வரலாறு, அப்பெருமையை இத்துணைக் காலம் தாழ்த்தியோர் யாவர் என்பதையும் சேர்த்தே எழுதவேண்டும்.